சோதனைக் குழாயில் பொன்மழை

தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிற ஒரு கரைசலில் காரீயம் கலந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேதியியல் ஆய்வகத்தில் இதற்கு ஓர் அழகான வழி உண்டு. அந்தக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு சில சொட்டு விடுவார்கள். அதுவும் நிறமில்லாததுதான். ஆனால் இரண்டும் சேர்ந்த நொடியிலேயே, அரைத்த மஞ்சளைக் கரைத்துவிட்டது போல, குழாய் முழுக்கப் பளீர் மஞ்சள்! அதுதான் காரீய அயோடைடு (லெட் அயோடைடு) என்கிற வீழ்படிவு.

மஞ்சள் வந்தால் மட்டும் போதுமா? போதாது. வெள்ளி இருந்தாலும் வெளிர்மஞ்சள் வரும். அதனால் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். வெள்ளியின் மஞ்சள் அப்படியே நிற்கும். காரீயத்தின் மஞ்சளோ சுடுநீரில் கரைந்து, நிறமே இல்லாமல் போய்விடும்.

இப்போது குழாயை ஆற விடுங்கள். நீர் குளிரக் குளிர, கரைந்ததெல்லாம் தகடு தகடாகப் படிகமாகி, தங்கத் துகள் போல மினுமினுத்துக்கொண்டே கீழே இறங்கும். வெளிநாட்டு மாணவர்களும் இதைப் பொன்மழை என்றே சொல்கிறார்கள்.

காரீயம் நஞ்சு என்பதால் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, ஆய்வகத்தில் உங்கள் ஆசிரியரிடம் கேட்டு, அவசியம் ஒரு முறை பாருங்கள்!