விரலுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு திரி

"மாமா, நான் அமுக்குனேன். அவன் அடிக்கல."

என் அக்கா மகன் இதைச் சொன்னபோது அவனுக்குக் குரல் தழுதழுத்தது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலை ஒட்டி, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்து மணலில் உட்கார்ந்திருந்தோம். அவன் போனில் 88ஆவது நிமிடம். ஆட்டம் 1–1. எதிரே கோல்கீப்பர் மட்டும். அவனுடைய கட்டைவிரல் ஷூட் பட்டனில் அழுந்தியதை நானே பார்த்தேன். திரையில் இருந்த ஆள் இன்னும் ஒரு எட்டு வைத்து, உடம்பைத் திருப்பி, காலைத் தூக்கினான். அதற்குள் பின்னால் ஓடி வந்தவன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. அமுக்கியதும் உண்மை, அடிக்காததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை அவனுக்குச் சொல்லத்தான் நான் இந்த விளையாட்டுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

சிவகாசி, சாத்தூர் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். திரி என்றால் என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தீ வைத்த கையோடு வெடித்துவிடுகிற வெடியை யாரும் வாங்க மாட்டார்கள். வைத்தவன் விலகி ஓட நேரம் வேண்டும், அந்த நேரத்தின் அளவுதான் திரியின் நீளம். கால்பந்து வீடியோ கேமிலும் விரலுக்கும் பந்துக்கும் நடுவில் அப்படி ஒரு திரி எரிகிறது. அது நாலைந்து துண்டுகளைச் சேர்த்து முடிந்த திரி.

முதல் துண்டு கண்ணாடியில் இருக்கிறது. போன் திரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்வலை ஒன்று இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைப் போன் நொடிக்கு 60 முதல் 240 தடவை வரை சோதித்துப் பார்க்கும். வியர்வை உப்புத் தண்ணீர், மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஒரு சொட்டு வியர்வையையும் சில சமயம் போன் விரல் என்று எண்ணிக்கொள்ளும். இங்கே பையன்கள் ஆட்டத்துக்கு முன்னால் கட்டைவிரலில் முகப்பவுடர் தொட்டுக்கொள்வது அதனால்தான். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவர்களே கண்டுபிடித்தது.

அடுத்த துண்டு வெயில். நல்ல போனில் விளையாட்டு நொடிக்கு 60 படம் காட்டும், ஒரு படத்துக்குச் சுமார் 17 மில்லிசெகண்ட். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஆடினால் போனின் முதுகு தோசைக்கல் மாதிரி ஆகிவிடுகிறது. வெந்து போகாமலிருக்க உள்ளே இருக்கும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 60 படம் 30 ஆகும், 17 மில்லிசெகண்ட் 33 ஆகும். விரல் அதே வேகத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டம் சேற்றில் நடக்கிற மாதிரி இழுக்கும். கூரை போட்ட திண்ணையில் ஜெயிக்கிறவன் வெட்டவெளியில் தோற்பதற்கு இது ஒரு காரணம்.

இவையெல்லாம் சின்னத் துண்டுகள். திரியில் மிக நீளமான பகுதி அந்த ஆளின் காலுக்குள் இருக்கிறது.

ஆரம்ப காலத்துக் கால்பந்து கேம்களில் பந்து ஆட்டக்காரன் காலோடு ஒட்டியே இருக்கும். திரும்பு என்றால் பந்தும் சேர்ந்து திரும்பும். 1989இல் டினோ டினி என்ற நிரலாளர் எழுதிய 'கிக் ஆஃப்' அந்தப் பசையைப் பிய்த்து எறிந்தது. அதில் பந்து தனிப் பொருள். நீ ஒரு பக்கம் திரும்பினால் அது தன் பாட்டுக்கு நேராக உருண்டு போகும். பலருக்கு எரிச்சல், பலருக்குப் பைத்தியமே பிடித்தது. இன்றுள்ள கால்பந்து கேம்களின் சுகமும் கோபமும் அந்தப் பிரிவிலிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம். 1993 கடைசியில் ஈ.ஏ. நிறுவனத்தின் முதல் 'ஃபிஃபா' வந்தது, மைதானத்தைச் சாய்வாக மேலேயிருந்து காட்டியது. ஜப்பானின் கொனாமி தன் 'வின்னிங் லெவன்' வரிசையோடு வந்து உடம்பின் எடையையும் ஓட்டத்தின் வேகத்தையும் சேர்த்தது.

2021இல் வந்த 'ஃபிஃபா 22'க்காக 22 ஆட்டக்காரர்களுக்கும் உணரிகள் பதித்த உடை மாட்டி, நிஜ மைதானத்தில் முழு வேகத்தில் ஆட விட்டு, ஒவ்வொரு மூட்டின் அசைவையும் பதிவு செய்தார்கள். திரையில் ஓடுகிறவன் அவ்வளவு நிஜமாக ஓடுவதற்குக் காரணம் இப்படி உண்மையான மனிதர்களிடமிருந்து எடுத்த அசைவுகள். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. நிஜ மனிதன் பந்தை அடிக்க வேண்டுமென்றால் ஊன்றுகாலில் எடை இறங்க வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், பிறகுதான் அடிக்கிற கால் வரும். நீ பட்டனை அமுக்கும்போது அவன் தவறான காலில் நின்றால், அடுத்த எட்டு வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். பற்றிய திரியைப் பாதியில் அணைப்பது எவ்வளவு கஷ்டமோ, ஓட ஆரம்பித்த அசைவை நிறுத்துவதும் அவ்வளவு கஷ்டம். அசைவு நிஜத்தை நெருங்க நெருங்கத் திரி நீளும். உடனே அடிக்கிற பொம்மை வேண்டுமா, மனிதனைப் போல அடிக்கிறவன் வேண்டுமா என்பதுதான் இந்த விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் போராடுகிற கேள்வி.

அன்று அக்கா மகன் செய்த தவறும் எனக்குப் பிறகு விளங்கியது. ஷூட் பட்டனை அமுக்கிப் பிடிக்கிற நேரம்தான் அடியின் பலம். பதற்றத்தில் அவன் விரலை எடுக்கத் தாமதித்தான். திரையில் இருந்தவனோ வலங்காலன், பந்து இடது காலில் இருந்தது.

பாஸும் இப்படித்தான். கட்டைவிரல் காட்டுகிற திசையில் யார் இருக்கிறான் என்று விளையாட்டு தேடும், ஒருவனைத் தேர்ந்தெடுக்கும், பிறகு கொஞ்சம் பிழையைக் கலக்கும். பாஸ் கொடுப்பவனின் திறமை எண், உடம்பு திரும்பியிருக்கிற கோணம், பக்கத்தில் நெருக்குகிற எதிராளி, இவற்றைப் பொறுத்துப் பிழை கூடும், குறையும். பிழையே இல்லாவிட்டால் எல்லாப் பாஸும் போய்ச் சேர்ந்துவிடும், அப்புறம் கால்பந்து எங்கே இருக்கும்? தற்காப்பில் கதை இன்னும் மோசம். 11 பேரில் உன் கையில் இருப்பது ஒருவன்தான், மீதிப் பேரைக் கணினி ஆட்டுகிறது. நீ நினைத்தவன் தலைக்கு மேல் அம்புக்குறி வராமல் வேறொருவனுக்குத் தாவும்போது வருகிற ஆத்திரம் இருக்கிறதே, அதை நானும் அனுபவித்திருக்கிறேன்.

கடைசித் துண்டு வானத்திலும் பூமிக்கு அடியிலும் போகிறது. ஆன்லைன் ஆட்டத்தில் விரலின் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். சர்வர் மும்பையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருக்கன்குடியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆகவே போய்வர 12 மில்லிசெகண்ட் போதும். தூரம் பெரிய தொந்தரவு இல்லை. தொந்தரவெல்லாம் போனுக்கும் டவருக்கும் நடுவில். ஒரு டவர் தன் அலைவரிசையைத் தன்கீழ் உள்ள எல்லாப் போன்களுக்கும் பங்கிட வேண்டும். ஆடிக் கடைசி வெள்ளிக்குப் பாதயாத்திரையாகவும் பஸ்ஸிலும் வேனிலும் லட்சக்கணக்கான சனம் வந்து இறங்குகிற ஊர் இது. அத்தனை பேரும் அதே டவரில். அன்றைக்குக் கட்டளைகள் வரிசையில் நிற்கும், சில வழியிலேயே தொலையும். கட்டளை போய்வர ஆகிற நேரத்துக்குப் பிங் என்று பெயர். "பிங் ஏறிருச்சு" என்று பையன்கள் தலையில் கைவைப்பார்கள்.

தோற்றவனுக்கு வருகிற சந்தேகம் ஒன்று உண்டு. "ஸ்கிரிப்ட் பண்ணி வச்சிருக்காங்க மாமா. நான் ஜெயிச்சா அவனுக்குக் கோல் கொடுக்குறாங்க." உலகம் முழுக்க இதே புகார்தான். ஆடுகிறவனின் நிலைக்கேற்பக் கடினத்தைத் தானாக மாற்றுகிற முறைக்கு ஈ.ஏ. காப்புரிமை வாங்கியிருந்தது. 2020இல் கலிபோர்னியாவில் அந்த நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டார்கள். நிறுவனம் தொழில்நுட்ப ஆவணங்களைக் காட்டி, பொறியாளர்களோடும் பேச வைத்த பிறகு, 2021இல் வழக்குத் தொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். திரி தன்னிடமே இருக்கிறது என்று தெரியாதவனுக்கு, யாரோ ஒளிந்திருந்து தீயை அணைப்பதாகத்தான் தோன்றும்.

ஆனால் ஒரு புகாரில் நான் முழுக்கப் பையன்கள் பக்கம். நல்ல ஆட்டக்காரர்கள் சீக்கிரம் வேண்டுமென்றால் மூடிய சீட்டுக்கட்டைக் காசு கொடுத்து வாங்கிப் பிரிக்க வேண்டும், உள்ளே யார் வருவார் என்று தெரியாது. லாட்டரிச் சீட்டை அச்சடித்துக் கொடுத்த ஊர் சிவகாசி. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை ஆனபோது அச்சகங்களில் வேலை போனதும் இங்கேதான், குடும்பங்கள் மூச்சுவிட்டதும் இங்கேதான். அதே சீட்டு பந்துச் சட்டை போட்டுக்கொண்டு குழந்தைகள் கைக்கு வந்திருக்கிறது. பெல்ஜியம் 2018இல் இதைச் சூதாட்டம் என்று சொன்னது. அடுத்த ஜனவரியில் ஈ.ஏ. அந்த நாட்டில் சீட்டுக்கட்டு வாங்க உதவும் புள்ளிகளைக் காசுக்கு விற்பதை நிறுத்தியது. அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: ஆடட்டும், ஆனால் அந்தப் போனில் பணம் கட்டுகிற வழி எதுவும் இருக்க வேண்டாம்.

ஆடட்டும் என்று மனசாரத்தான் சொன்னேன். எங்கள் பக்கம் கபடிக்கு ஆள் உண்டு, கிரிக்கெட்டுக்கு ஆள் உண்டு. பக்கத்துக்கு 11 பேரும் முழு மைதானமும் சேர்ந்து அமைவது அரிது. பட்டாசு ஆலைக்குள் போனைக் கொண்டு போகக் கூடாது. அங்கே வேலை பார்க்கிற அண்ணன்மார் பொழுது சாய்ந்து திரும்பிய பிறகு இந்த மணலில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். மேலேயிருந்து பார்க்கிற அந்தக் கோணம் அவர்களுக்கு ஆஃப்சைடு கோட்டையும், காலி இடத்தையும், ஓடுகிறவனுக்கு முன்னால் பந்தை விடுகிற நுணுக்கத்தையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. 'ஃபிஃபா 22'இல் இந்தியன் சூப்பர் லீக் சேர்ந்ததால், சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டையோடும் ஆட முடிந்தது. ஐ.எஸ்.எல். கிளப்புகளுக்கென்றே இ-ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கியது அந்தக் காலத்தில்தான். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்காகச் சரண்ஜோத் சிங்கும் கர்மன் சிங் டிக்காவும் கால்பந்து வீடியோ கேம் ஆடினார்கள்.

இந்த ஆடிக் கடைசி வெள்ளி ராத்திரி நெட் சுத்தமாகப் படுத்துவிட்டது. அக்கா மகன் கூட்டாளியோடு வந்தான். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டவரே தேவைப்படாமல் நேரடியாக இணைத்தார்கள். இரவுக் காற்றில் போன் சூடாகவில்லை. விரலில் பவுடர். இரண்டாம் பாதியில் அவனுடைய ஆள் ஊன்றுகாலில் எடை இல்லாமல் திரும்புவதைப் பார்த்து, அவன் ஒரு நொடி விரலைத் தூக்கியே வைத்திருந்தான். கால் மாறியது. தொட்டான், விட்டான்.

பந்து வலையில் விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, இப்ப அவன் அடிக்கிறான்."