வருவோர்க்கு எதைக் காட்டுவது?



"மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்று வெளியூரார் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்கள் அதை மந்திரம் என்பார்கள். வந்தவரை எழும்பவிடாத விருந்தோம்பலையே அப்படிச் சொன்னார்கள் என்று நாங்கள் விளக்கம் கூறுவோம். எது எப்படியாயினும், அந்தப் பேச்சில் ஒரு பாய் இருக்கிறது, அதில் உட்கார்ந்த விருந்தாளி இருக்கிறார், எதிரே வெற்றிலை வட்டாவோடு வீட்டுக்காரர் இருக்கிறார். நகரத்திலிருந்து நம் ஊரைப் பார்க்க வருவோர்க்கு எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதே இன்றைய உரையின் பொருள். அந்தப் பாயை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

போர் ஓய்ந்து சில ஆண்டுகளின் பின், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் தொழில் பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், அந்நாட்டு நண்பர்கள் இருவரோடு ஊருக்கு வந்தார். "சேர், இரண்டு நாள்தான் இருக்கிறது. டப்ளினுக்கு யாராவது வந்தால் ஒரு மாலை நேரம் தவறணைக்குக் கூட்டிப்போய் அவர்களின் பழைய இசையைக் கேட்க வைப்பார்கள். அதுபோல நம்முடைய கூத்தை அரை மணி நேரம் இவர்களுக்குக் காட்ட முடியாதா?" என்று கேட்டார்.

எனக்கும் பெருமைதான். எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த வயோதிப அண்ணாவியார் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் தமது பிள்ளைகள் அறுவரோடு வந்தார். இடம், ஒரு விடுதியின் முற்றம். கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்து வடமோடி அரசன் வரவுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, இராச் சாப்பாடு வந்துவிட்டது என்று விடுதிக்காரர் கை காட்டினார். மத்தளம் நின்றது. ஆடியவர் கிரீடத்தோடு ஓரமாக நின்றார். கூத்தர்களுக்குச் சோறு குசினிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணாவியார் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "மழைக்கும் நிப்பாட்டாத வரவ, சோத்துக்கு நிப்பாட்டிப் போட்டீங்களே மனே."

அவர் விடுதிக்காரரைக் குறை கூறவில்லை. அழைத்துப்போனவன் நான், என்னிடமே சொன்னார். பிழை எங்கே நேர்ந்தது என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். கூத்தைச் சுருக்கியது பிழையா? வெளியாருக்குக் காட்டியது பிழையா? அல்லது வேறொன்றா?

இதற்கு விடை தேடும்போது அயர்லாந்தையே சற்றுப் பார்ப்பது பயன் தரும்.

அந்த நாட்டின் சின்னம் ஒரு யாழ். அங்கே 'ஹார்ப்' எனப்படும் நரம்புக் கருவி அது. நாணயத்திலும் அதுவே இருக்கிறது. மிகப் பழைய யாழ் ஒன்று டப்ளின் திரித்துவக் கல்லூரியின் பழைய நூலக மண்டபத்தில் பேணப்பட்டு வந்தது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த யாழை மீட்டத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகையினராகிவிட்டனர். 1792இல் பெல்பாஸ்ட் நகரில் எஞ்சியிருந்த யாழ்ப்பாணர்களை ஒன்றுகூட்டினார்கள். வந்தவர் பத்துப் பன்னிருவருக்கு மேல் இல்லை. பலர் முதியோர், பார்வையற்றோர். எட்வர்ட் பண்டிங் என்ற பத்தொன்பது வயது இளைஞர் அவர்கள் வாசித்ததைச் சுரப்படுத்தி எழுதினார். இல்லையேல் அவ்விசையின் பெரும் பகுதி அவர்களோடே போயிருக்கும்.

நமக்கு இது அந்நியமான கதையன்று. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழை நூல்களின் வழியே ஆராய்ந்து, யாழ் நூலை 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார். கல்லடியில் சிவாநந்த வித்தியாலய வளவில் அவரது சமாதி இருக்கிறது. பெல்பாஸ்டில் மீட்டுவோர் சிலராவது உயிரோடிருந்தார்கள். அடிகளாருக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஏடுகளிடமே அவர் கேட்க வேண்டியிருந்தது.

டப்ளினுக்கு வருவோர் தேடிச்செல்லும் தவறணை இசைக்கு வருவோம். பிடில், குழல், காற்றுப்பையை முழங்கையால் அழுத்தி வாசிக்கும் துருத்திக் குழல், 'போரான்' என்னும் கைப்பறை ஆகியவற்றோடு கலைஞர்கள் ஒரு மேசையைச் சுற்றி வட்டமாக அமர்வார்கள். அவர்கள் பார்ப்பது சபையை அன்று, ஒருவரையொருவர். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இசைக்கருவியின்றி ஒருவர் பழைய முறையில் பாடத் தொடங்கினால் பேச்சு அடங்கிவிடும்.

இது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று வருவோர் நினைப்பார்கள். இசை பழையது, ஆனால் தவறணையில் கூடி வாசிக்கும் இந்த முறை பழையதன்று. முன்னர் அவ்விசை கிராமத்து வீடுகளில், அடுப்பங்கரை ஓரங்களில் இருந்தது. 1935இல் வந்த நடன மண்டபச் சட்டத்தின் பின் வீட்டுக் கூட்டங்கள் நெருக்கடிக்குள்ளாயின. இரண்டாம் உலகப் போரை அடுத்து வேலை தேடி இலண்டனுக்குப் போன அயர்லாந்துத் தொழிலாளர்கள், வாடகை அறைகளில் இடமின்றித் தவறணைகளில் கூடி வாசித்தார்கள். அந்த வழக்கம் பின்னர் தாய்நாட்டிலும் பரவியது. 1951இல் தொடங்கப்பட்ட இசைச் சங்கம் ஊர்தோறும் கிளை வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. 1994இல் டப்ளினில் நடந்த ஐரோப்பியப் பாடற் போட்டியின் இடைவேளையில் ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆடப்பட்ட 'ரிவர்டான்ஸ்' என்னும் ஆட்டம், அவர்களின் காலடி நடனத்தை உலகறியச் செய்தது.

ஏழு நிமிடம்! அப்படியானால் அரை மணி நேரக் கூத்தில் என்ன குற்றம்?

சுருக்குவது குற்றமன்று என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என மட்டக்களப்புக் கூத்து மரபை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடுவது சில மணி நேர அளவுக்குள் வந்தது. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அந்த மரபையே ஆய்ந்து வளர்த்தார். 'நாட்டாருடையது' என்று ஒதுக்கப்பட்டிருந்த கலை, படித்தவர்களின் கண்ணில் மதிப்புப் பெற்றது. அங்கே சுருக்கியவர்கள் முதலில் அண்ணாவிமாரிடம் கேட்டுக் கற்றவர்கள். எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் அந்த விடுதிக்காரருக்கும் மணிக்கூடு மட்டுமே தெரிந்திருந்தது.

கூத்து என்பது ஆடும் அந்த இரவு மட்டும் அன்று. ஊரார் கூடி இன்ன கூத்து என்று தீர்மானிப்பார்கள். பாத்திரத்துக்கு ஏற்றவர்களை அண்ணாவியார் தெரிந்து 'சட்டம் கொடுப்பார்'. மாதக்கணக்காக இரவில் பழகுவார்கள். கால் தாளத்துக்குப் பதிந்தபின் சதங்கை அணிதல். பின்பு முழுக் கூத்தையும் ஓட்டிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தல். அதன் பிறகே அரங்கேற்றம். வட்டமான மண் களரி. நடுவே அண்ணாவியாரின் மத்தளம், சல்லரி, பிற்பாட்டுக்காரர். நாற்புறமும் பாய் விரித்து ஊர் உட்கார்ந்திருக்கும். வடமோடியில் போரும் வீரமும் மிகும். தென்மோடியில் பாட்டும் இழுவையும் வேறாக இருக்கும். இப்படி ஒரு பருவம் முழுக்க ஊர் செய்யும் வேலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சாப்பாட்டுக்குத் தொடுகறியாக வைத்தோம். அதுதான் பிழை.

வாவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'மீன் பாடும் தேன்நாடு' என்ற பெயரைக் கேட்டே பலர் வருகிறார்கள். 1924இல் அமைந்த கல்லடிப் பாலத்தின் கீழ், நிலாக் காலத்தில், ஓடத்தை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது பழைய முறை. 1848இல் இவ்வாவியின் ஒலியைக் கேட்டவர்களுள் ஒருவர் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட். அவர் எந்த ஊர் தெரியுமா? பெல்பாஸ்ட். முதிய யாழ்ப்பாணர்கள் கூடிய பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1804இல் அதே நகரில் பிறந்தவர். 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் இந்த ஒலியை விரிவாக எழுதினார். மீனவர்கள் அதை ஒருவகை ஊரியின் ஒலி என்று கூறியதாகவும், அவர்கள் சொன்ன தமிழ்த் தொடரையும் ஆங்கில எழுத்திலே குறித்துள்ளார். அதைத் திரும்பத் தமிழில் வாசித்தால் 'ஊரி குளிறுகிறது' என்றே எனக்குப் படுகிறது. குளிறுதல் என்றால் ஒலித்தல். ஏட்டில் உள்ள நல்ல தமிழ்ச்சொல் எங்கள் துறைகளில் பேச்சாக இருந்திருக்கிறது! ரெனன்ட் ஓடக்காரரிடம் கேட்டார். அதனால் அந்தச் சொல் நமக்குக் கிடைத்தது. கேட்கும் விருந்தாளியால் ஊருக்கும் இலாபம் உண்டு.

இனி, காட்டக்கூடாதவை உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். எங்கள் பக்கத்து ஊர்களில் கண்ணகை அம்மன் கோயிற் கதவு வைகாசியில் திறக்கும். சில நாட்கள் சடங்கு நடந்து, வழக்குரை படித்து, குளுத்தியோடு கதவு அடைபடும். அதை வேறொரு மாதத்தில் வருவோருக்காக நடத்திக் காட்ட முடியாது. அந்நாட்களில் வருபவர் ஊரோடு ஊராக நின்று கும்பிடலாம். கும்பிட மனமில்லாவிட்டால் அமைதியாகப் பார்க்கலாம். அம்மன் முன் எவரும் பார்வையாளர் அல்லர்.

மறைக்கக்கூடாதவையும் உண்டு. டப்ளினின் ஆற்றங்கரையில், எலும்பும் தோலுமாக நடந்துவரும் மனிதர்களின் வெண்கலச் சிலைகள் 1997 முதல் நிற்கின்றன. 1845 தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து, ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டு, அதேயளவு பேர் நாட்டைவிட்டுப் போன பஞ்சத்தின் நினைவு அது. இசையைக் கேட்க வருவோர் அதையும் கடந்துதான் போகிறார்கள். இங்கே, நான் நின்று பேசும் இதே குருக்கள்மடத்தில், 1990 யூலையில், காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் கடமையை முடித்து வந்தோரும் அவர்களுள் இருந்தனர். வாவிக்கு அப்பால், கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987இலும் 1991இலும் தமிழ் மக்கள் அரச படையினரால் கொல்லப்பட்டார்கள். தெருவோரம் நின்று ஒரு விருந்தாளி, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டால், நாம் வாவியின் அழகைக் காட்டி முகத்தைத் திருப்பக்கூடாது. எங்கள் துயரத்தை மட்டும் சொல்லிப் பிறர் துயரத்தை விழுங்குவதும் விருந்தோம்பல் ஆகாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மாணவர் மீண்டும் வந்தார். முன்பு வந்த நண்பர்களுள் ஒரு பெண்மணியும் வந்தார். அவர் பிடில் வாசிப்பவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. "அன்று மத்தளத்தை நிறுத்தியபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஊரில் மெட்டு முடியும்வரை யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்" என்றார். நான் அண்ணாவியாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இம்முறை விடுதிக்கு எவரையும் அழைக்கவில்லை. குருக்கள்மடத்துத் துறையில் படகுப் பாதையில் ஏறி, எழுவான்கரையிலிருந்து படுவான்கரையில் அம்பிளாந்துறைக்கு இறங்கி, கூத்துப் பழகும் களரிக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போனோம். அன்று அடுக்குப் பார்க்கும் இரவு. கரப்புடுப்பும் இல்லை, கிரீடமும் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிய பையன்கள் கால் பிசகி ஆட, அண்ணாவியார் ஏசினார். வந்தவர்கள் பாயில் இருந்தார்கள். சிவப்பரிசிச் சோறும் மீன் கறியும் கட்டித் தயிரும் எல்லோருக்கும் ஒரே பந்தியில் கிடைத்தன. பணத்தை உறையில் போட்டு வெற்றிலை மேல் வைத்து அண்ணாவியார் கையில் கொடுத்தார்கள்.

நடுச்சாமத்தில், "இனி எழும்புவமா?" என்று நான் கேட்டேன். அந்தப் பெண்மணி தலையசைத்து மறுத்தார். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார்: "ஒட்டிப் போச்சு மனே, விடு."

நேயர்களே, நம்மிடம் வருவோர் பெருகுவது நல்லது. கூத்தருக்கும் ஓடக்காரருக்கும் தயிர் விற்கும் பெண்களுக்கும் அதனால் நாலு காசு வரவேண்டும். ஆனால் வருவோரை எங்கே உட்கார வைக்கிறோம், நம் கலைஞரை எங்கே சாப்பிட வைக்கிறோம் என்ற இரண்டையும் முதலில் பார்ப்போம். இரண்டும் ஒரே பாயாக இருக்கட்டும்.