வெள்ளாவி முதல் கைப்பேசிக் குறிப்பு வரை

தீபாவளி நெருங்கும்போது புனே நகரத்து வீடுகளில் தூய்மைப்பணி தொடங்குகிறது. மராத்தியரும் தமிழரும் திரைச்சீலைகளைத் துவைக்கின்றனர், தரையைத் தேய்க்கின்றனர். அழுக்கு நீக்கும் குறிப்புகள் சமூக ஊடகங்கள் வழியே இல்லந்தோறும் வந்து சேர்கின்றன. அவற்றுள் பயன் தருவன எவை? தீங்கு தருவன எவை?

முற்காலத்தில் சலவைத் தொழிலாளர் உவர்மண் கரைத்த நீரில் துணிகளை நனைத்து, பெரும்பானையின்மேல் அடுக்கி, நீராவியில் அவித்தனர். இதுவே வெள்ளாவி. உவர்மண்ணின் காரமும் வெப்பமும் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கின. பருத்தித் துணிகளைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைக்கும் இன்றைய குறிப்பும் இவ்வுண்மையைச் சார்ந்ததே. பட்டும் கம்பளியும் காரத்தால் நலியும். அவற்றுக்குப் பூந்திக்கொட்டை ஏற்றது. மராத்தியர் அதனை ரிட்டா என்பர். அதிலுள்ள சப்போனின் நுரை தந்து அழுக்கை அகற்றுகிறது.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் நுரை பொங்கும். ஆயினும் காரமும் அமிலமும் ஒன்றையொன்று சமன்செய்வதால் தூய்மையாக்கும் ஆற்றல் குறைகிறது.

கழிப்பறை அமிலத்தைப் பிளீச்சிங் பவுடருடன் கலப்பதோ பேராபத்து. அப்போது வெளிப்படும் குளோரின் வளி நுரையீரலைத் தாக்கும். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கருகே படைக்கருவியாகப் பயன்பட்டதும் இவ்வளியே.

எனவே, புட்டியின்மீதுள்ள எச்சரிக்கையைப் படித்த பின்னரே எக்குறிப்பையும் பின்பற்றல் வேண்டும். வீட்டு முதியோர் மராத்தியோ ஆங்கிலமோ அறியாதிருப்பின், பிள்ளைகள் அதனைத் தமிழில் எடுத்துரைத்தல் நன்று.