வாங்கிய கேம் லினக்ஸில் ஓடுமா?

1999 டிசம்பரில் ‘குவேக் 3 அரீனா’ வெளியானபோது, லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு ஒன்று தகரப் பெட்டியில் விற்பனைக்கு வந்தது. விளையாட்டை உருவாக்கியது ஐடி சாஃப்ட்வேர். லினக்ஸ் பதிப்பைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது கலிஃபோர்னியாவின் லோகி சாஃப்ட்வேர். 1998இல் தொடங்கப்பட்ட லோகி, ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’, ‘சிம்சிட்டி 3000’ போன்ற பெரிய விளையாட்டுகளையும் லினக்ஸுக்கு மாற்றி விற்றது. வருமானம் கட்டுப்படியாகவில்லை. 2002 ஜனவரியில் நிறுவனம் மூடப்பட்டது.

அந்தத் தகரப் பெட்டி சிடியை இன்றைய உபுண்டு கணினியில் போட்டு, அதிலுள்ள இன்ஸ்டாலரை அப்படியே ஓட்டினால் பெரும்பாலும் பிழைச் செய்திதான் மிஞ்சும். சிடி பழுதாகியிருக்காது. லினக்ஸின் மையக்கருவான கெர்னலும் காரணமில்லை. பழைய நிரல்களின் ஓட்டம் கெடக்கூடாது என்பதில் லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர்.

சிக்கல் கெர்னலுக்கு மேலே இருக்கும் அடுக்கில்தான். எந்த நிரலும் தனித்து இயங்குவதில்லை. ஒலிக்கு, படத்துக்கு, விசைப்பலகைக்கு என்று கணினியில் ஏற்கெனவே இருக்கும் லைப்ரரிகளை நம்பித்தான் எழுதப்படுகிறது. லைப்ரரி மாறும்போது, மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளை டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்கள் புதிதாகத் தொகுத்துக் கொடுத்துவிடுகின்றன. விலைக்கு விற்ற கேமின் மூலநிரல் நிறுவனத்திடமே இருப்பதால் அதற்கு இந்த வாய்ப்பு இல்லை. வெளியான நாளில் எந்த லைப்ரரியைத் தேடியதோ அதையேதான் இன்றும் தேடும்.

ஒலி ஒன்றே போதும் இதை விளக்க. குவேக் 3 வந்த காலத்தில் லினக்ஸில் ஒலிக்கு ஓஎஸ்எஸ் என்ற ஏற்பாடு இருந்தது. பிறகு ஆல்சா வந்தது, அதன்மேல் பல்ஸ்ஆடியோ, இப்போது பைப்வயர். ஆல்சா வந்த பிறகு குவேக்கில் சத்தம் வரவழைக்க, ஆட்டக்காரர்கள் டெர்மினலைத் திறந்து, ஒலி அட்டையின் அமைப்புக் கோப்புக்குள் ஒரு வரியை எழுதிவிட்டுத்தான் ஆடத் தொடங்கினார்கள். 2019 ஜூனில் இதைவிடப் பெரிய அதிர்ச்சி. 32 பிட் பொதிகளைக் கைவிடப்போவதாக உபுண்டு அறிவித்தது. பழைய கேம்களில் மிகப் பல 32 பிட் நிரல்கள். அடுத்த உபுண்டுவை ஆதரிக்கப்போவதில்லை என்று ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் தரப்பிலிருந்து பதில் வர, சில நாட்களிலேயே உபுண்டு தன் முடிவைத் தளர்த்தியது.

ஆனால் குவேக் 3 பிழைத்துக்கொண்டது. 2005 ஆகஸ்டில் ஐடி நிறுவனம் அதன் எஞ்சினின் மூலநிரலை ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் வெளியிட்டது. திறந்துவிட்டது எஞ்சினை மட்டுமே; களங்கள், உருவங்கள், ஒலிகள் எல்லாம் அடங்கிய தரவுக் கோப்புகளை இன்றும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆர்வலர்கள் அந்த மூலநிரலிலிருந்து ‘ஐஓகுவேக்3’ என்ற எஞ்சினை வளர்த்தெடுத்தார்கள். ஆகவே இன்று செய்ய வேண்டியது எளிது: புதிய எஞ்சினை விநியோகத்தின் களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொண்டு, சிடியில் உள்ள ‘பாக்0’ கோப்பையும் பிறகு வெளியான திருத்தக் கோப்புகளையும் அதற்குரிய ஃபோல்டரில் போட வேண்டும். விண்டோஸ் சிடியாக இருந்தாலும் பாக்0 அதேதான். டெபியனில் ‘கேம் டேட்டா பேக்கேஜர்’ என்றொரு கருவி உண்டு. வாங்கிய சிடியிலிருந்து தரவை எடுத்து முறையான டெபியன் பொதியாகவே கட்டித் தந்துவிடும். கேம் நிறுவனங்கள் தங்கள் பழைய படைப்புகளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை, ஐடி செய்ததுபோல எஞ்சினைத் திறந்துவிடுவதுதான். தரவின் விற்பனை அதனால் நின்றுவிடுவதில்லை.

மூலநிரல் திறக்கப்படாத கேம்களுக்கு வேறு வழி வேண்டும். 1993இல் தொடங்கிய வைன் திட்டம், விண்டோஸ் நிரலை லினக்ஸிலேயே ஓட்டும் வழியைத் தேடியது. விண்டோஸ் நிரல் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், சாளரம் வரையச் சொன்னால், அதை லினக்ஸுக்குப் புரியும் கட்டளையாக வைன் உடனுக்குடன் மாற்றித் தருகிறது. முதல் முழுப் பதிப்பு வெளிவரவே 2008 ஆகிவிட்டது. முப்பரிமாண கேம்களுக்கு அது மட்டும் போதவில்லை. மைக்ரோசாஃப்டின் கிராஃபிக்ஸ் ஏற்பாடான டைரக்ட்எக்ஸ் குறுக்கே நின்றது. டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் ஏற்பாட்டுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே வந்ததும் நிலைமை தலைகீழானது. இதையும் வைனையும் இணைத்து 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்டதுதான் புரோட்டான். தொடக்கத்தில் 27 கேம்களுக்கு மட்டுமே அதிகாரப்பூர்வ ஒப்புதல். 2022இல் வந்த ஸ்டீம் டெக் கைக்கருவி, லினக்ஸையும் புரோட்டானையும் நம்பியே விற்பனைக்கு வந்தது.

இதனால் நடைமுறையில் ஒரு விசித்திரம்: பத்தாண்டுக்கு முந்தைய கேமின் லினக்ஸ் பதிப்பு தடுமாறும் இடத்தில், அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டான் வழியாகச் சீராக ஓடுவதுண்டு. ஸ்டீமில் அந்த கேமின் பண்புகளைத் திறந்து, ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதியில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொரு கேமுக்கும் தனியாக ஒரு குட்டி ‘சி டிரைவ்’ உருவாகி, சேமித்த ஆட்டங்கள் பல அதற்குள்ளேயே இருக்கும். கேமை நீக்கும் முன் அந்த ஃபோல்டரை நகலெடுத்து வைப்பது நல்லது.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகுதியில் உள்ள கேம்களை அங்கிருந்தே லினக்ஸில் ஓட்டப் பலரும் முயல்கிறார்கள். வேண்டாம். புரோட்டான் உருவாக்கும் சில இணைப்புகளின் பெயரில் முக்காற்புள்ளி வரும். விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை. கேம் திறக்காமல் போகலாம், கோப்புகள் கெடவும் கூடும். லினக்ஸின் சொந்தக் கோப்பு முறையில் தனி இடம் ஒதுக்குவதே சரி. கிராஃபிக்ஸ் டிரைவரை நிறுவும்போது அதன் 32 பிட் பகுதியையும் சேர்க்க மறக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் திறக்காத கதவு ஒன்று உண்டு: இணையவழிப் போட்டிகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் மென்பொருள். அவற்றில் முக்கியமான ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021இல் புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் அனுமதிப்பதா வேண்டாமா என்பது கேம் நிறுவனத்தின் கையில். ‘ஃபோர்ட்நைட்’ அனுமதிக்கவில்லை. லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ 2024 அக்டோபரில் கதவை அடைத்தது. விண்டோஸ் கெர்னலுக்குள் இறங்கி வேலை செய்யும் காவலை வைத்திருக்கும் ‘வேலரன்ட்’ லினக்ஸ் பக்கம் வரவே இல்லை. இத்தகைய கேம்களுக்குப் பணம் கட்டும் முன், மற்ற லினக்ஸ் பயனர்களின் அனுபவங்களைத் திரட்டும் புரோட்டான்டிபியில் பெயரைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். தவறி வாங்கிவிட்டாலும், 14 நாட்களுக்குள் கேட்டால், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது.