உங்களுக்குத் தெரியுமா? சக்கரம் சுற்றும், அச்சு சுற்றாது!

சைக்கிள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதன் சக்கர அச்சு அசைவதில்லை. இருபுறமும் நட்டுப் போட்டு ஃபோர்க்கில் இறுக்கிய கம்பி அது. சுற்றுவது அதைச் சூழ்ந்த, சக்கரத்தின் நடுக்குடமான ஹப் மட்டும். இரண்டுக்கும் நடுவே பால்ரஸ் குண்டுகள் உருள்கின்றன: வழக்கமாக முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9. பின்குண்டுகள் சற்றுப் பெரியவை. ஆள் எடையில் பெரும்பங்கு பின்னால்தானே!

1869இல் சைக்கிளுக்கான பால்ரஸுக்குக் காப்புரிமை பெற்றவர் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சூரிரே. அதே ஆண்டு நவம்பரில், பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றது இவை பொருத்திய வண்டியில்தான்.

குண்டுகளை அணைத்துப் பிடிப்பவை அச்சில் திருகிய கோன்கள். கோன் அதிகம் இறுகினால் சக்கரம் முரண்டு பிடிக்கும். தளர்ந்தால் ரிம் இடமும் வலமும் ஆடும். முன்சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுற்றிவிட்டுப் பாருங்கள். வேகம் அடங்கியதும் கனமான பக்கம் தானாகக் கீழிறங்கி, ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடி நின்றால் சரி. டக்கென்று நின்றால், பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டியதுதான். கோனில் பள்ளம் விழுந்திருந்தால் குண்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

ஸ்போக்ஸ் கம்பிகளையும் விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பெரும்பாலும் ரிம்மில் கோட்டம் விழுவதும் அந்த இடத்தில்தான்.