படைவீரரின் கைபேசியில் ஒரு துணை

போர்முனையிலிருந்து வீடு திரும்பியவருக்கு இரவுதான் பெரும்பாடு. கெட்ட கனவு கண்டு திடுக்கிட்டு எழுவார். பட்டாசுச் சத்தம் கேட்டாலே உடல் பதறும். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவார். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வையும் குலைத்தால், அது பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறாக இருக்கலாம். 1980இல்தான், வியட்நாம் போர் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க மனநல மருத்துவர்கள் இப்பெயரைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. ஆனால், முதலில் அவர் வாய் திறக்க வேண்டுமே!

எல்லியிடம் மனம் திறந்தவர்கள்

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘எல்லி’ என்ற மெய்நிகர் பெண்ணை உருவாக்கினார்கள். திரையில் அமர்ந்திருக்கும் எல்லி முதலில் சொந்த ஊரைக் கேட்பாள். பிறகு, தூக்கம் எப்படி இருக்கிறது என்பாள். பதில் வரும்போது தலையசைத்து ‘ம்’ கொட்டுவாள். எதிரில் இருப்பவரின் முகத்தையும் குரலையும் கேமராவும் மைக்கும் கவனித்துக்கொண்டிருக்கும்.

ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய கொலராடோ தேசியக் காவல்படையினர், ராணுவம் தந்த படிவத்தில் எழுதியதைவிட அதிகமான அறிகுறிகளை எல்லியிடம் சொன்னார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வு இது. படிவம் ராணுவக் கோப்புக்குப் போகும். பதவி உயர்வு பாதிக்குமோ என்ற அச்சம் யாருக்கும் வரும். பெயர் போடாத படிவத்தில்கூட அவர்கள் அவ்வளவு சொல்லவில்லை. ‘இவள் நம்மைப் பற்றி என்ன நினைப்பாளோ’ என்ற கூச்சம் எல்லியிடம் பேசும்போது இல்லை. அதோடு, அவள் பொறுமையாகக் கேட்டாள்.

நள்ளிரவில் கைகொடுக்கும் செயலி

2011இல் அமெரிக்கப் படைவீரர் நலத்துறை ‘பி.டி.எஸ்.டி. கோச்’ என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. மனம் பதறும்போது திறந்தால், அந்தப் பதற்றத்துக்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு மதிப்பெண் தரச் சொல்லும். மூச்சுப் பயிற்சி, பிடித்த பாடல், குடும்பப் படம் என ஏதாவது ஒன்றைத் தரும். பிறகு மறுபடியும் மதிப்பெண் கேட்கும். எட்டு ஆறாகக் குறைந்தாலே அந்த நேரத்துக்கு அது பெரிய ஆறுதல். கணக்கு தொடங்காமலே இதைப் பயன்படுத்தலாம். வீரர்கள் நம்பிக் கையில் எடுக்க இது மிக முக்கியம் என்பேன்.

எங்கே கவனம் வேண்டும்?

சொன்னது எங்கே போகிறது என்பது தெளிவாக இல்லாவிட்டால் எல்லியும் இன்னொரு படிவம்தான். இதயத்துடிப்பையும் தூக்கத்தையும் கைக்கடிகாரம் வழியே அறியும் துணைகளுக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். பேச்சிலும் ஆபத்து உண்டு. 2023இல் அமெரிக்காவில், உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கென்று வைத்திருந்த ஒரு சாட்பாட், எடை குறைக்க ஆலோசனை சொன்னதால் நிறுத்தப்பட்டது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பேச்சில் தெரிந்தால், இயந்திரம் அந்த நொடியே பேசுபவரை ஒரு மனிதரின் கையில் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்க வீரர்கள் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால், இதற்கென்றே பயிற்சி பெற்றவர் பேசுவார்.

நம் வீட்டிலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் தூங்காமல் தவித்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.