மேடு ஏறும்போது மூச்சு வாங்கும் பழைய கார்... வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம் காரணம்!

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், வீட்டு வாசலில் தூங்கிக்கொண்டிருக்கும் பழைய காருக்கும் வேலை வந்துவிடும். தென்காசியிலிருந்து மெயின் அருவி வரை ஒழுங்காக ஓடிய கார், செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் ஏறும்போது திணறி நின்றுவிடும். முன்னால் ஏற்றம், பின்னால் லாரி, உள்ளே குழந்தைகள்!

1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற மாருதி 800 இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதுபோன்ற கார்களில் கோளாறு எங்கே என்று ஓரளவு நாமே கண்டுபிடித்துவிடலாம். மெக்கானிக்கிடம் சரியாகச் சொன்னாலே தேவையில்லாமல் பார்ட்ஸ் மாற்றும் செலவு மிச்சம்.

முதல் கேள்வி: கார் எப்போது நிற்கிறது?

சாரல் அடிக்கும்போது மட்டும் நின்றால்...

கரன்ட் கசிகிறது என்று அர்த்தம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ, பிளக் வயரிலோ கீறல் இருந்தால், ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே இறங்கிவிடும். இருட்டில், திறந்த வெளியில் காரை நியூட்ரலில் ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். வயர்களில் நீலப் பொறி தெரிந்தால் அங்கேதான் கோளாறு. கையால் தொடக் கூடாது. துப்பட்டா, சேலைத் தலைப்பு ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர். ஒரு பிளக் வேலை செய்யாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். வண்டியும் கடகடவென்று ஆடும்.

ஏற்றத்தில் மட்டும் இழுக்கவில்லை என்றால்...

மேடு ஏற அதிக பெட்ரோல் வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தால் அது வந்து சேராது. கார்புரேட்டர் கார்களில் பானெட்டுக்குள் இருக்கும் சிறிய பெட்ரோல் ஃபில்டரில் கசடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. கார்களில் பெட்ரோல் லைனில் அழுத்தம் அதிகம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கார் நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அதன்பின் கார் ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒளி ஊடுருவாவிட்டால் புதிது போடுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது அணைந்தால்...

ஐடிலிங் கோளாறு. ரப்பர் வேக்குவம் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா, காற்று இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கார்புரேட்டரோ, த்ராட்டில் பாடியோ அழுக்கு படிந்திருக்கலாம்.

சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால்...

இக்னிஷன் காயில் மீது சந்தேகப்படலாம். எம்.பி.எஃப்.ஐ. கார் என்றால் கிராங்க் சென்சாரும் காரணமாகலாம்.

இன்ஜின் மீது தப்பில்லாமலும் இருக்கலாம்!

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது.

பிளக் சொல்லும் சேதி

இன்ஜின் நன்றாக ஆறியபின் பிளக்கைக் கழற்றுங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிக சூடு. நனைந்திருந்தால் பொறி வரவில்லை.

இ20 பெட்ரோல்

எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது; பழைய ரப்பர் குழாய்களையும் பாதிக்கலாம். மாதக்கணக்கில் காரை நிறுத்திவைப்பவர்கள், சீசனுக்கு எடுக்கும் முன் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

நடு மேட்டில் நின்றுவிட்டால்...

இன்ஜின் அணைந்தால் பிரேக் பூஸ்டரின் உதவியும் சிறிது நேரத்தில் போய்விடும், பெடல் இறுகும். விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் விட்டு, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தபின், எல்லோரும் இறங்கிச் சாலையோரம் ஒதுங்கி நில்லுங்கள்.

அருவி எங்கும் போய்விடாது. காரைச் சரிபார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு குளிக்கலாம்!